பழைய மோடம் பேச மறுத்தால்...



நமது 'வீட்டுப் பட்டறை' பகுதியில் இந்த முறை கொஞ்சம் பழைய சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன வீடுகளிலும், ஒரு மூலையில் துணி போர்த்திய பழைய கணினி ஒன்று இருக்கக் காணலாம். மகனோ மகளோ இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில், கூட்டுப் பணம் எடுத்தோ தவணை கட்டியோ வாங்கியதாக இருக்கும். பால் வெட்டி, செம்பனைக் குலை அறுத்துச் சேர்த்த காசு அது. தூக்கிப் போட மனம் வராது. வைத்திருக்கவும் இடம் இராது.

அந்தக் கணினியோடு சேர்ந்தே இருப்பது மோடம். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைக் கொண்டு வந்த சின்னப் பெட்டி, அல்லது கணினிக்குள்ளேயே செருகிய அட்டை. "இது ஓடுமா? பழுது பார்க்கலாமா? கடைக்காரர் கேட்கிற பணத்தைக் கொடுக்கலாமா?" என்பவைதாம் கேள்விகள். பணத்தை எடுத்து நீட்டும் முன் இந்தப் பக்கத்தைப் படித்து விடுங்கள். கோளாறு எங்கே என்று தெரியாதவனிடம்தான் மோடம் பழுதுக்கு முழுக் கணினியின் விலையை வாங்க முடியும்.

மோடம் என்ன செய்கிறது?

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அது ஒழுங்காகச் சுமக்கும். கணினிக்கோ ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே நடுவில் ஒரு துபாஷி வேண்டும். கணினியின் எண்களை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வரும் ஒலியை மறுபடி எண்களாக மாற்றிக் கணினியிடம் கொடுப்பதும் மோடத்தின் வேலை. இணைப்பு கிடைக்கும்போது 'கீ...' என்றும் 'கர்ர்...' என்றும் ஒரு சத்தம் கேட்குமே, அது இரண்டு மோடங்கள் பேசிக்கொள்ளும் சத்தம்தான். பெரட்டில் பேர் கூப்பிட்டு, யார் எந்த நிரைக்குப் போவது என்று முடிவு செய்துகொண்டு வேலைக்குக் கிளம்புகிற மாதிரி, எவ்வளவு வேகத்தில் பேசலாம் என்று இரண்டும் முதலில் ஒப்பந்தம் செய்து கொள்கின்றன.

1981இல் அமெரிக்காவின் ஹேஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த ஸ்மார்ட்மோடம் ஒரு வினாடிக்கு 300 துணுக்குகள்தாம் அனுப்பியது. 1994இல் வேகம் 28,800 ஆனது. 1998இல் 56,000 என்ற வேகத்துக்குப் பொது விதி வகுக்கப்பட்டது. கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். எட்டுத் துணுக்கு சேர்ந்தால்தான் ஓர் எழுத்து. ஆக வினாடிக்கு 7,000 எழுத்து. இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றை அதில் இறக்க ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் கம்பி சுத்தமாக இருந்தால்!

இங்கே ஒரு விஷயம். பெட்டியில் 56 என்று போட்டிருந்தும் திரையில் 31,200 என்றோ 28,800 என்றோ காட்டினால் மோடம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. 56,000 என்பது எல்லாம் கூடி வந்தால் கிடைக்கும் உச்சம். தொலைபேசி நிலையத்திலிருந்து பல மைல் தள்ளி, ரப்பர்க் காட்டு வழியே கம்பி வரும் தோட்டங்களில் குறைந்த வேகம் கிடைத்தது இயல்பே. அதற்காகப் புது மோடம் வாங்கியவர்கள் பணத்தை வீணாக்கினார்கள்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

மங்கில் பால் சேரவில்லை என்றால் பால்மரம் வெட்டுகிறவர் என்ன செய்வார்? எடுத்த எடுப்பில் மரம் பட்டுப்போனது என்று சொல்லமாட்டார். மங்கு சாய்ந்திருக்கிறதா, தகரம் கழன்றிருக்கிறதா, வெட்டு வாயில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பால் வரும் பாதையிலேயே கண்ணை ஓட்டிப் பார்ப்பார். மோடத்துக்கும் அதே வழிதான். சுவரிலிருந்து கணினி வரை பாதையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

முதலாவது, சுவர். மோடத்தின் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே துளையில் சாதாரணத் தொலைபேசியைச் செருகிக் காதில் வையுங்கள். 'ங்ங்...' என்று தொடர்ச்சியான டயல்-டோன் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கோளாறு கணினியில் இல்லை, தொலைபேசி இணைப்பில். டோன் கேட்கிறது, ஆனால் பின்னால் சோளம் பொரிகிற மாதிரி 'பொரபொர' சத்தமும் கேட்கிறது என்றால் கம்பியில் எங்கோ ஈரம் ஏறியிருக்கிறது. மனிதக் காது அந்தச் சத்தத்தைத் தள்ளிவிட்டுப் பேச்சைப் புரிந்துகொள்ளும். மோடத்தால் அது முடியாது. வெயிலில் நன்றாக ஓடி, மழை பெய்தால் இணைப்பு அறுந்து போகிறது என்றால் தொண்ணூறு பங்கு இதுதான் காரணம். சுவரில் உள்ள சின்னப் பெட்டியில் எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும், செப்பு முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைப் பிரிக்கிற வேலையைத் தொலைபேசி நிறுவனத்தின் ஆளிடமே விடுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் அந்தக் கம்பியில் ஆளைத் தூக்கிவாரிப் போடும் அளவுக்கு மின்சாரம் வரும்.

இரண்டாவது, கம்பி. மோடத்தின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளை இருக்கும். ஒன்றில் 'லைன்' என்றும் மற்றதில் 'போன்' என்றும் எழுதியிருக்கும், அல்லது சின்னப் படம் போட்டிருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பி 'லைன்' துளைக்குத்தான் போக வேண்டும். வீட்டைக் கூட்டிப் பெருக்கும்போது கழன்று, கைக்குக் கிடைத்த துளையில் மாற்றிச் செருகப்பட்டு, 'மோடம் செத்துவிட்டது' என்று கடைக்குப் போன கணினிகள் ஏராளம். அடுத்து, கூடத்திலிருந்து அறை வரை இழுத்த நீளக் கம்பியைக் கழற்றிவிட்டுக் குட்டையான புதுக் கம்பியால் சோதியுங்கள். கதவிடுக்கில் நசுங்கிய கம்பியும் நாற்காலிக் கால் ஏறிய கம்பியும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது, கூட்டாளிகள். அதே இணைப்பில் அடுப்படியில் இன்னொரு தொலைபேசி இருக்கிறதா? யாராவது அதை எடுத்தால் இணைப்பு அறுந்து போகும். 'காத்திருக்கும் அழைப்பு' வசதி இருந்தால், வேறொருவர் கூப்பிடும்போது வரும் 'டொக்' என்ற ஒலியே மோடத்தைக் குழப்பி விடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

மோடத்தோடு நேரே பேசலாம்

கம்பி சரி என்றால் அடுத்தது மோடம். வெளியில் வைக்கும் பெட்டி மோடமாக இருந்தால் அதன் விளக்குகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 'ஓ-எச்' என்ற விளக்கு எரிந்தால் மோடம் தொலைபேசியைக் 'கையில் எடுத்துவிட்டது' என்று அர்த்தம். 'சி-டி' எரிந்தால் எதிர்முனை மோடத்தின் குரல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதலாவது எரிந்து இரண்டாவது எரியவே இல்லை என்றால் எண்ணோ கம்பியோ எதிர்முனையோ சரியில்லை.

விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி கணினிகளில் 'ஹைப்பர்டெர்மினல்' என்ற ஒரு மென்பொருள் உண்டு. அதைத் திறந்து, மோடம் இருக்கும் துறையைத் தேர்ந்தெடுத்து, 'ஏ', 'டி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி எண்டர் அழுத்துங்கள். 'ஓகே' என்று பதில் வந்தால் மோடமும் கணினியும் ஒன்றையொன்று அறியும். அந்த இரண்டு எழுத்தும் 'அட்டென்ஷன்' என்ற சொல்லின் சுருக்கம். "ஏய், இங்கே கவனி!" என்று கூப்பிடுகிறோம். ஸ்மார்ட்மோடத்தோடு வந்த இந்தப் பேச்சு முறையைப் பின்னால் வந்த மோடங்களும் ஏற்றுக்கொண்டன. அதே இரண்டு எழுத்தோடு 'இசட்' சேர்த்துத் தட்டினால், மோடம் தனக்குள் செய்துவைத்த தாறுமாறான மாற்றங்களை மறந்து, சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பும். பல நேரங்களில் இதுவே போதும்.

'ஏடி' என்று தட்டியும் பதிலே இல்லையா? கோளாறு கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில். பழைய கணினிகளில் இதற்குப் பேர்போன காரணம் ஒன்று உண்டு. 'காம்' எனப்படும் துறைகள் நான்கில் ஒன்றும் மூன்றும் ஒரே அழைப்புமணியைப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டும் நான்கும் அப்படியே. எலி முதல் துறையில் இருந்து, மோடம் மூன்றாம் துறையில் இருந்தால், எலியை அசைத்தவுடன் மோடம் உறைந்துபோகும். இரண்டு வீட்டுக்கு ஒரே மணி இருந்தால் யார் வீட்டு மணி என்று தெரியாமல் முழிப்பது போலத்தான் இது. மோடத்தை இரண்டாம் துறைக்கு மாற்றி, அந்த இடத்தில் ஏற்கனவே வேறெதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும். காசு செலவில்லை.

இன்னொரு வகை 'வின்மோடம்'. விலை மலிவு. தன் வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்யாமல் கணினியின் தலையில் கட்டிவிடும் அட்டை அது. அதற்கென்று எழுதிய இயக்கி மென்பொருள் இல்லாவிட்டால் வெறும் தகடுதான். விண்டோஸை அழித்து மறுபடி போட்ட பிறகு மோடம் ஓடவில்லை என்றால் அட்டையைச் சந்தேகிக்காதீர்கள். வாங்கியபோது கொடுத்த குறுந்தட்டைத் தேடுங்கள்.

திரையில் வரும் எண்கள்

கணினி காட்டும் பிழை எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 680 என்றால் டயல்-டோன் இல்லை, கம்பியைப் பார். 676 என்றால் எதிர்முனை பிஸி, பிறகு வா. 678 என்றால் எதிர்முனையில் எடுக்கவில்லை, எண்ணைச் சரிபார். 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, பெரிய எழுத்து விசை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்.

680 வருகிறது, ஆனால் காதில் வைத்தால் டோன் நன்றாகக் கேட்கிறது என்றால் குழப்பம் வரும். எல்லா நாட்டு டயல்-டோனும் ஒன்றல்ல. அமெரிக்காவுக்கென்று செய்த மோடத்துக்கு நம் நாட்டு டோன் அடையாளம் தெரியாமல் போகலாம். அமைப்புப் பக்கத்தில் 'டயல்-டோனுக்குக் காத்திரு' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் மோடம் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். அலுவலகங்களில் வெளி இணைப்புக்கு 9 அழுத்த வேண்டியிருந்தால், 9 போட்டு ஒரு காற்புள்ளி வைத்து அப்புறம் எண்ணை எழுத வேண்டும். அந்தக் காற்புள்ளி மோடத்தை இரண்டு வினாடி பொறுத்திருக்கச் சொல்கிறது.

இடியும் மின்னலும்

உலகத்தில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நம் மோடங்களைக் கொன்றதில் பெரும்பங்கு அதற்கே உண்டு. மின்சாரச் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் அநேகர். மின்னலின் வேகம் மின்கம்பி வழியாக மட்டுமா வருகிறது? தொலைபேசிக் கம்பி வழியாகவும் வருகிறது. அந்தக் கம்பிக்குச் சுவிட்சே கிடையாது. தொலைபேசி நன்றாகப் பேசுகிறது, கணினியும் ஓடுகிறது, மோடத்துக்கு மட்டும் டோன் கேட்கவில்லை, முந்தின நாள் பெரிய இடி என்றால், மோடத்தின் முகப்புப் பகுதி கருகியிருக்கும் என்று நம்பலாம். முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை சொல்லிவிடும். இதற்குப் பழுது பார்ப்பு கிடையாது. மோடத்தை மட்டும் மாற்றினால் போதும். 'மதர்போர்டும் போய்விட்டது' என்று யாராவது சொன்னால், மோடத்தைக் கழற்றிவிட்டுக் கணினியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் மதர்போர்டு போகவில்லை.

வானம் கறுக்கும்போதே மின்கம்பி, தொலைபேசிக் கம்பி இரண்டையும் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். இடி தலைக்குமேல் வந்துவிட்டால் கம்பியைத் தொடாதீர்கள். கணினி போனால் வேறு வாங்கலாம். இன்று பளபளக்கும் பைபர் இணைப்பு வந்த வீட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பியில் ஏறும்.

பில் ஏறியது யாரால்?

அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த சண்டை ஒன்றுண்டு. மாதக் கடைசியில் தொலைபேசி பில் வரும். முகம் தெரியாத வெளிநாட்டு எண்ணுக்கு நீண்ட அழைப்புகள், நூற்றுக்கணக்கில் வெள்ளி. அப்பா பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை சத்தியம் செய்யும். யாரும் நம்பமாட்டார்கள்.

பிள்ளை பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. இணையத்தில் இலவசம் என்று காட்டி இறக்க வைக்கும் சில மென்பொருள்கள், உள்ளூர் இணைப்பை ஓசையில்லாமல் துண்டித்து, மோடத்தின் ஒலிபெருக்கியையும் அடைத்துவிட்டு, வெளிநாட்டு எண்ணைத் தாமே சுழற்றின. 1997இல் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் இப்படி ஒரு மோசடியை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. மக்களின் மோடங்கள் மோல்டோவா நாட்டு எண்ணைக் கூப்பிட்டிருந்தன. அந்த இணையப் பக்கத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அழைப்பு அறுபடவில்லை. ஏமாந்த பல்லாயிரம் பேருக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடாயிற்று. அந்த நாளில் இந்தச் செய்தி எட்டாத வீடுகளில் பிள்ளைகள் வாங்கிய அடிக்கு யார் ஈடு கொடுப்பது? பழைய பில் ஒன்றுக்காக இன்னும் உங்கள் மனத்தில் மகன் மீதோ மகள் மீதோ வருத்தம் இருந்தால், இன்று அதைக் கீழே இறக்கி வையுங்கள்.

இன்றும் உருவம் மாறிய அதே கள்ளன் உலவுகிறான். கைத்தொலைபேசியில் 'இலவசம்' என்று வரும் தெரியாத இணைப்பைத் தட்டும் முன் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அதைச் சரி செய்யலாமா?

இப்போது நேரான பதிலுக்கு வருவோம். நம் நாட்டில் 1992இல் ஜாரிங்கும் 1996இல் டிஎம்நெட்டும், சிங்கப்பூரில் 1994இல் சிங்நெட்டும் தொடங்கிய காலம் அது. ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்கு டயல்-அப் கொடுத்த ஏஓஎல் நிறுவனமும் 2025 செப்டம்பர் 30ஆம் நாள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. உங்கள் மோடம் முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும், எதிர்முனையில் எடுத்துப் பேச ஆளில்லை என்றால் அது யாரோடு பேசும்? பைபர் வந்த வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே வீட்டுத் தொலைபேசியின் குரலே எண்ணாக மாறித் துண்டு துண்டாகத்தான் போகிறது. மனிதப் பேச்சுக்கு அது போதும். மோடத்தின் நுணுக்கமான ஒலி அதில் சிதைந்து, இணைப்பு அடிக்கடி அறுந்து போகும்.

ஆகவே இணையம் பார்ப்பதற்காகப் பழைய மோடத்தைப் பழுது பார்க்க ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாதீர்கள். இதே கணக்கு இன்னொரு பொருளுக்கும் உண்டு. கணினியில் செருகும் மோடம் குச்சியையோ பழைய கைத்தொலைபேசியையோ வைத்துக்கொண்டு 'இணையம் வரவில்லை' என்று கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 3ஜி மட்டுமே தெரிந்த கருவி இனி இணையம் தராது. அது பழுதல்ல. பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை, அவ்வளவுதான். எந்தக் கடைக்காரராலும் அதைச் சரி செய்ய முடியாது.

ஆனால் கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்!

பெட்டிக்குள் இருக்கும் வன்தட்டுதான் இந்தக் கதையில் விலை மதிப்புள்ள பொருள். டயல்-அப் காலத்தில் ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் இணைப்பை எடுத்து, வந்த கடிதங்களை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆற அமர வாசிப்பது வழக்கம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் வந்த அந்தக் கடிதங்கள் அநேகமாக அந்தத் தட்டிலேயே இருக்கும். கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் எழுதியது, வெளிநாட்டில் படித்த மகள் எழுதியது, இன்று நம்மோடு இல்லாதவர் எழுதியது, கோயில் திருவிழாவுக்கு எடுத்த படம், எல்லாம் அங்கே இருக்கக்கூடும். இப்போது யாரிடமும் அதற்கு வேறு பிரதி இராது.

அதை எடுப்பது இப்படி: முதலில் கணினியைச் சட்டென்று மின்சாரத்தில் செருகாதீர்கள். பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்புச் சுவிட்சு இருந்தால் 230இல் இருக்க வேண்டும். மாறியிருந்தால் செருகியவுடன் புகைந்துவிடும். கரப்பான், தூசி எல்லாம் உள்ளே குடியிருக்கும். பல ஆண்டு தூங்கிய இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதைவிட, மின்கம்பியை உருவிவிட்டு, பெட்டியைத் திறந்து, வன்தட்டை மட்டும் கழற்றுவதே பத்திரம். மின்சாரம் கொடுக்கும் தகரப் பெட்டியையும் கண்ணாடிக் குழாய்த் திரையையும் மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கும்.

கழற்றிய தட்டின் பின்னால் 40 ஊசிகள் கொண்ட அகலமான வாய் இருந்தால் அது 'ஐடிஇ' வகை. ஐடிஇயை யுஎஸ்பியாக மாற்றும் கம்பி கணினிக் கடைகளில் கிடைக்கும். தனி மின்சாரத் தலையோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய கணினியில் செருகினால் கூடுதல் தட்டாகத் தெரியும். 'இதை ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். எதையும் அழிக்காமல், எதையும் திருத்தாமல், முழுவதையும் பிரதி எடுத்துவிட்டு அப்புறம் நிதானமாகப் பாருங்கள். தட்டிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் மிச்சமும் போகும். அதற்கென்று உள்ள மீட்புக் கடைக்குக் கொண்டு போவதா என்பதை உள்ளே இருப்பதன் அருமையை வைத்து முடிவு செய்யுங்கள்.

தமிழில் தட்டிய கடிதங்கள் புதுக் கணினியில் பூச்சி பறந்த மாதிரி, புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கெட்டுப்போகவில்லை. யூனிகோடு பரவும் முன், நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில் அந்தந்த எழுத்துருவுக்கென்று ஒரு குறியீடு இருந்தது. பழைய தட்டின் விண்டோஸ் உறையில் 'ஃபான்ட்ஸ்' என்ற உறையையும் மறக்காமல் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு கையில் இருந்தால் கடிதம் மறுபடி தமிழாகும். பழைய குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரையாவது, கணினி தெரிந்த இளையர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மகிழ்ச்சியோடு உதவுவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

கோளாறு வந்த பாதையிலே நடந்து பாருங்கள்: சுவர், கம்பி, பெட்டி, கணினி, எதிர்முனை. ஒரு நேரத்தில் ஒன்று. பிழை எண்ணை எழுதி வையுங்கள். பழுதா, சேவை நின்றுவிட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய பைபர்ப் பெட்டிக்கும் இதே வரிசைதான். அதன் விளக்கையும் கம்பியையும் பார்த்துவிட்டு அப்புறம் நிறுவனத்தைக் கூப்பிட்டால், எதிர்முனையில் பேசுகிறவரும் உங்களை மதித்துப் பதில் சொல்வார். கடைக்குப் போகும்போதும் 'ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'சுவரில் டோன் இருக்கிறது, கம்பி மாற்றிப் பார்த்தேன், இன்ன எண் வருகிறது' என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரிடம் அநியாய விலை கேட்க யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

வரும் சனி ஞாயிறில் அந்தத் துணியை விலக்கிப் பாருங்கள். மோடத்தைச் சரி செய்ய அல்ல, தட்டில் இருக்கும் கடிதங்களுக்காக. வன்தட்டுக்கும் வயது உண்டு. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டால் அது காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.